செக்யூரிட்டி சூப்பர்வைசர்: பொறுப்பு எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு, ஓவர்டைம் உண்டா?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்களிடையே ஒரு குழப்பம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடுதல் நேரம் வேலை வாங்கினால் காவலாளிக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும் என்கிறார்கள். சரி, அந்தக் காவலாளிகளை வைத்து இரவெல்லாம் வேலை வாங்கும் சூப்பர்வைசருக்கு? "நீங்க ஆபீசர் கேட்டகிரி, உங்களுக்கு அதெல்லாம் வராது" என்று ஏஜென்சிகளில் சொல்லிவிடுகிறார்கள். பலர் அதை நம்பியும் விடுகிறார்கள்.

அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பது புரிய, இந்த வேலை எப்படி அமைந்திருக்கிறது, சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது, நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் இதன் பாரம் ஏன் கூடுகிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

## யார் யாருக்குக் கீழே?

ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு ரிசார்ட் வாசலில் நிற்கும் காவலாளி, பெரும்பாலும் அந்த ரிசார்ட்டின் ஊழியர் அல்ல. ரிசார்ட் நிர்வாகம் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடுகிறது. ஏஜென்சி ஆட்களை அனுப்புகிறது. சம்பளம் தருவது ஏஜென்சி, வேலை வாங்குவது ரிசார்ட். தொழிலில் ரிசார்ட்டை 'கிளையண்ட்' என்றும், வேலை நடக்கும் இடத்தை 'சைட்' என்றும், ஒரு காவலாளி நிற்க வேண்டிய இடத்தை 'பாயிண்ட்' என்றும் சொல்வார்கள். வார விடுமுறையில் போகிறவருக்குப் பதிலாக வருபவர் 'ரிலீவர்'.

சைட்டில் காவலாளிகளுக்கு மேலே இருப்பவர் சூப்பர்வைசர். இடத்துக்கு இடம் ஹெட் கார்டு, உதவிப் பாதுகாப்பு அலுவலர், செக்யூரிட்டி ஆபீசர் என்று பெயர் மாறும். பல சைட்டுகளைச் சுற்றிப் பார்க்க ஏஜென்சி தரப்பில் வருபவர் ஃபீல்டு ஆபீசர். ஆனால் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்துக்கு (ஏஜென்சிக்காரர்கள் 'பசாரா' என்பார்கள்) இத்தனை பதவிகள் தெரியாது. அதில் இருப்பது இரண்டே பேர்: காவலாளி, மேற்பார்வையாளர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு எஸ்டேட் தன் சொந்த மஸ்டரில் (ஊழியர் பட்டியலில்) வைத்திருக்கும் வாட்ச்மேனுக்கு பசாரா பொருந்தாது. அந்தச் சட்டம் ஏஜென்சித் தொழிலுக்கானது. பயிற்சி, உடல்தகுதி, அடையாள அட்டை எதுவும் அவர் விஷயத்தில் இந்தச் சட்டத்தின்படி கட்டாயம் அல்ல. ஒரே எஸ்டேட்டின் மேல் கேட்டில் நிற்பவர் ஏஜென்சி ஆள், கீழ் கேட்டில் நிற்பவர் எஸ்டேட் ஆள் என்ற நிலை இந்த மலையில் சாதாரணம். இரவில் இருவரையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஒரே சூப்பர்வைசர்.

## சட்டம் கேட்கும் தகுதிகள்

சூப்பர்வைசராக வைக்கப்படுபவர், காவலாளிக்கு உள்ள எல்லாத் தகுதிகளையும் கொண்டிருக்க வேண்டும். அவற்றில் முக்கியமானவை:

1. வயது 18க்குக் குறையாமலும் 65ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். நடத்தை, முன்வரலாறு ஆகியவை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

2. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி. இதைக் குறைந்தது 20 வேலை நாட்களில் நடத்த வேண்டும். முன்னாள் படைவீரர், முன்னாள் போலீஸ்காரர் என்றால் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும்.

3. ஆணுக்கு 160 செ.மீ., பெண்ணுக்கு 150 செ.மீ. உயரம். நிறக்குருடு இருக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை.

4. முப்படைகள், போலீஸ், ஊர்க்காவல் படை போன்றவற்றில் மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் இருந்தவருக்கு சூப்பர்வைசர் பதவியில் முன்னுரிமை.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால், ஓய்வுபெற்ற சுபேதார்களும் ஹவில்தார்களும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. முன்னுரிமை என்ற ஏற்பாட்டுக்கு இங்கே ஆள் கிடைப்பது எளிது. ஆனால் அவருக்கு இங்கே வாய்க்கும் குழு வேறு மாதிரியானது. பாதிப் பேர் தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர்கள். மீதிப் பேர் வட மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள், தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர்கள். 160 மணி நேரப் பயிற்சி பல இடங்களில் சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது. தீயணைப்பான் பின்னை எப்படி இழுப்பது என்பதிலிருந்து, கேட் பதிவேட்டில் வண்டி எண்ணை எப்படி எழுதுவது என்பது வரை சூப்பர்வைசர்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. பயிற்சிப் பாடத்திட்டத்தில் 'தலைமைப் பண்பும் நிர்வாகமும்' என்ற பகுதி சூப்பர்வைசருக்கு மட்டுமே உரியது. அது ஏஜென்சி செய்திருக்க வேண்டிய அடிப்படைப் பயிற்சியை ஈடுகட்டுவதற்காக வைக்கப்பட்டதல்ல.

லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். படையினர், போலீஸார் அணிவது போன்ற சீருடையில் காவலாளியை நிறுத்தினால் அதற்கும் தண்டனை உண்டு. அணிந்தவர் மீதும் ஏஜென்சி உரிமையாளர் மீதும் வழக்கு வரும்.

## பதினைந்து பேருக்கு ஒருவர், ஆறு பேருக்கு ஒருவர்

மாதிரி விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு விதி உண்டு. ஒரு சூப்பர்வைசரின் கீழ் 15 காவலாளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. காவலாளிகள் வெவ்வேறு இடங்களில் பிரிந்து நிற்கிறார்கள், ஒருவரால் எல்லோரையும் பார்க்க முடியாது என்றால், ஆறு பேருக்கு ஒரு சூப்பர்வைசராவது இருக்க வேண்டும்.

சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனையையோ நூற்பாலையையோ எடுத்துக்கொண்டால் 15 பேரும் ஒரே வளாகத்துக்குள் நிற்பார்கள். நீலகிரியில் அப்படி அமைவது அபூர்வம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே சாலைத் தூரம் சுமார் 20 கி.மீ. அந்த வழியில் ஆளில்லாத விடுமுறை பங்களாக்கள், ஹோம்ஸ்டேக்கள், சிறு தொழிற்சாலைகள் என்று ஒவ்வொன்றிலும் ஒற்றைக் காவலாளி. இப்படிப் பத்து இடங்கள் ஒரே சூப்பர்வைசரின் பொறுப்பில் இருந்தால், அவர் இரவு இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பனிமூட்டத்துக்குள் போய் ஒவ்வொரு கேட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். பல வளைவுகளில் போன் சிக்னல் கிடையாது. 'ஆறு பேருக்கு ஒருவர்' என்ற விதி இந்த மாதிரி நிலப்பரப்பை நினைத்தே எழுதியதுபோல இருக்கிறது. அதை மீறுவதும் இங்கேதான் எளிது, ஏனென்றால் யார் எத்தனை இடம் பார்க்கிறார் என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

ஒற்றைக் காவல் என்றால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. 2017 ஏப்ரலில் கோத்தகிரிக்கு அப்பால் கொடநாடு எஸ்டேட்டில் நள்ளிரவில் நுழைந்த கும்பலால் ஒரு காவலாளி கொல்லப்பட்டார், இன்னொருவர் காயமடைந்தார். அந்த வழக்கின் அரசியலைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். அந்த இரவில் வாசலில் நின்றவர்களின் வேலையைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆயுதம் இல்லாமல், உதவிக்கு ஆள் இல்லாமல், இருட்டில் பெரிய சொத்தைக் காக்க நிற்பவருக்கு உள்ள உண்மையான பாதுகாப்பு, அரைமணிக்கு ஒருமுறை யாராவது அவரிடமிருந்து பதில் எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான். சூப்பர்வைசர் செய்யும் வேலையின் மையம் அதுவே.

## ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் இரவு

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு தேயிலைத் தொழிற்சாலையை வைத்துப் பார்க்கலாம்.

மாலை ஷிப்ட் மாறும்போது 'பிரீஃபிங்'. எல்லோரும் வரிசையாக நிற்க, சீருடை, விசில், டார்ச், அடையாள அட்டை சரிபார்க்கப்படும். சட்டைப்பையில் ஒரு குறிப்பேடும் பேனாவும் வைத்திருக்க வேண்டும் என்பது மாதிரி விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. யார் குடித்துவிட்டு வந்திருக்கிறார், யாருக்குக் காய்ச்சல், யார் நேற்றும் இரவு முழுக்க நின்றார் என்று முகத்தைப் பார்த்தே முடிவெடுக்கும் நேரம் இது. ஒருவர் வரவில்லை என்றால் 'ஷார்ட்டேஜ்'. டூட்டி முடிந்து இறங்க வேண்டிய ஒருவரைக் கெஞ்சிக் கேட்டு 'டபுள் டூட்டி' போட வைக்க வேண்டும். இல்லையென்றால் சூப்பர்வைசரே அந்தப் பாயிண்டில் நிற்க வேண்டும். அவர் பாயிண்டில் நின்றுவிட்டால் ரவுண்ட்ஸ் போக ஆள் இல்லை. பதிவேட்டில் மட்டும் ரவுண்ட்ஸ் போனதாக இருக்கும்.

பச்சை இலை ஏற்றிய வண்டிகள் இருட்டிய பிறகும் வரும். ஒவ்வொன்றின் எண், நேரம், எடைச்சீட்டு பதிவாக வேண்டும். தயாரான தூள் குன்னூர் ஏலத்துக்காகக் கிடங்குக்குப் போகும்போது வேலை இன்னும் நுணுக்கமானது. மூட்டைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு மூட்டையிலும் எழுதப்பட்ட இன்வாய்ஸ் எண், தூளின் ரகம், லாரிக் கதவில் போடும் சீலின் எண் ஆகிய நான்கும் கேட் பாஸில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். ஒரு மூட்டை குறைந்தாலோ சீல் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலோ, மறுநாள் கேள்வி கேட்கப்படுவது லாரி ஓட்டுநரிடமோ ஸ்டோர் கீப்பரிடமோ அல்ல, கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசரிடம்தான்.

அப்புறம் உலர்த்தி அறை. அடுப்பும் விறகு அடுக்கும் நுண்ணிய தேயிலைத் தூசியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடத்தில் தீதான் முதல் பயம். தீ வாளிகளில் மணல் இருக்கிறதா, அவசர வழியில் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது ரவுண்ட்ஸின் பகுதி. மூட்டை அடுக்கியவர் தொழிற்சாலை ஊழியர். அவரிடம் "எடுங்கள்" என்று சொல்ல ஏஜென்சி சூப்பர்வைசருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சொல்லிப் பார்க்கலாம், நிகழ்வுப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். அவ்வளவுதான். நாளை தீப்பிடித்தால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

## கையில் உள்ள அதிகாரம்

சூப்பர்வைசர் போலீஸ் அல்ல. சீருடையும் தோள்பட்டையில் பட்டையும் இருப்பதால் பொதுமக்களுக்கும், சில நேரம் அவருக்கே கூட, இது மறந்துவிடுகிறது. சட்டப்படி அவருக்கு இருப்பது ஒரு சாதாரணக் குடிமகனுக்கு உள்ள அதிகாரம்தான்:

1. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைத் தன் கண்முன் செய்பவரை அவர் பிடிக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவுப்படி, தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஆறு மணி நேரம் என்ற வரம்பு 2024 ஜூலை 1 முதல்தான் வந்தது.

2. சந்தேகத்தின் பேரில் ஒருவரை அறையில் பூட்டி வைக்க முடியாது. அது சட்டவிரோத அடைப்பு. ஓராண்டு வரை சிறை உண்டு. "முதலாளி சொன்னார்" என்பது தப்பிக்க உதவாது.

3. பையைச் சோதிப்பது சம்மதத்தின் பேரில்தான். உள்ளே வருவதற்கான நிபந்தனையாக அதை அறிவிக்கலாம். மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கலாம். கை வைத்து இழுக்க முடியாது. பெண்களைப் பெண் காவலாளிதான் சோதிக்க வேண்டும்.

4. தன் உயிரையும் பிறர் உயிரையும், தன் பொறுப்பில் உள்ள சொத்தையும் காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். தேவைக்கு மேல் போனால் சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடும்.

சீசன் நேரத்தில் இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று தெரியும். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறும்போது, பார்க்கிங் இல்லை என்று சொன்னதற்காகச் சட்டையைப் பிடிக்கும் சுற்றுலாப் பயணிகள் உண்டு. அவரைத் திருப்பி அடித்தால் காவலாளி மீது வழக்கு, வேலையும் போகும். அடிக்காமல் நின்றால் "உன்னால் ஒரு கேட்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா?" என்று கிளையண்ட் கேட்பார். இரண்டுக்கும் நடுவில் போய் நிற்பவர் சூப்பர்வைசர்.

## குளிர், மழை, காட்டுமாடு

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் புல்வெளி வெளுக்க உறைபனி விழும். தகரக் கூரை போட்ட செக்யூரிட்டி அறையில் விடியற்காலை நான்கு மணிக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று சமவெளியில் இருந்து விலைப்புள்ளி போடும் ஏஜென்சிக்குத் தெரிவதில்லை. ஆண்டு முழுதும் ஒரே சீருடைதான்: அரைக்கைச் சட்டை, மெல்லிய பேண்ட். ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் அவரவர் காசில்.

குளிர் தாங்காமல் பலர் சட்டியில் கரி நெருப்பு போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. மூடிய அறையில் கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். இரவு ரவுண்ட்ஸ் போகும் சூப்பர்வைசர் முதலில் பார்க்க வேண்டியது பூட்டை அல்ல, அறைக் கதவு சாத்தியிருக்கிறதா, உள்ளே கணப்பு இருக்கிறதா என்பதை.

மழைக்காலச் சிக்கல் வேறு மாதிரி. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. மண் சரிந்து சாலை அடைபடும் நாட்களில் ரிலீவர் வந்து சேர முடியாது; உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. பன்னிரண்டு மணி நேர டூட்டி முப்பத்தாறு மணி நேரமாக நீள்வது அப்போதுதான்.

விலங்குகள் விஷயத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதை. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை. குன்னூர், கோத்தகிரியில் காட்டுமாடும் கரடியும் சிறுத்தையும். கரடி எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவையும் சமையலறையையும் உடைக்கும். காட்டுமாடு தேயிலைச் செடிகளுக்கு நடுவே படுத்திருந்தால் பத்தடி தூரம் வரை தெரியாது. டார்ச் வெளிச்சம் கண்ணில் பட்டதும் எழும். நடந்தே ரவுண்ட்ஸ் போகச் சொல்லும் கிளையண்ட் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தப் பாதையில் தனியாகப் போகக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை சூப்பர்வைசரிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு மணிக்கும் எல்லைச் சுவரில் ஒட்டிய குறியீட்டை போனில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவான ஊழியர் வேலையில் காயப்பட்டாலும், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போகும் வழியில் வேலை தொடர்பான விபத்தில் சிக்கினாலும் பலன் உண்டு. இறந்தால் சராசரித் தினக்கூலியின் 90 சதவீத அளவில் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். அதிகாலையில் மூன்று கிலோமீட்டர் நடந்து டூட்டிக்கு வருபவருக்கு இந்த 'போகும் வழி' முக்கியமானது. ஆனால் பதிவே இல்லாமல் வேலைக்கு வைக்கப்பட்டவரின் குடும்பம், அவர் இறந்த பிறகு அவர் வேலையில் இருந்தார் என்பதையே நிரூபிக்க அலைய வேண்டும்.

## பன்னிரண்டு மணி நேரத்தின் கணக்கு

செக்யூரிட்டித் தொழிலில் பன்னிரண்டு மணி நேர டூட்டி ஊரறிந்த வழக்கம். "மூன்று ஷிப்ட் போட்டால் கட்டுப்படியாகாது" என்று கிளையண்ட்டும் ஏஜென்சியும் ஒரே குரலில் சொல்வார்கள். அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு பாயிண்ட், நாள் முழுக்க, வாரம் ஏழு நாளும் ஆள் நிற்க வேண்டும். அதாவது வாரத்துக்கு 168 மணி நேரம். சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புச் சம்பளம். 48 மணி நேரச் சம்பளம் 3,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்.

1. எட்டு மணி நேர ஷிப்ட், ரிலீவரோடு: 168ஐ 48ஆல் வகுத்தால் மூன்றரை ஆள். செலவு 10,500 ரூபாய்.

2. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டே பேர், வார விடுமுறை இல்லை: ஒருவர் 84 மணி நேரம் நிற்கிறார். 48 மணி சாதாரணம். மீதி 36 மணிக்கு இரட்டிப்பு, அதாவது 72 மணிச் சம்பளம். மொத்தம் 120 மணிச் சம்பளம், 7,500 ரூபாய். இரண்டு பேருக்கு 15,000 ரூபாய்.

சட்டப்படி சம்பளம் கொடுத்தால் மூன்று ஷிப்ட்தான் மலிவு. இரண்டு ஷிப்ட் அதைவிட 4,500 ரூபாய் கூடுதல். அப்படியிருந்தும் எங்கே பார்த்தாலும் பன்னிரண்டு மணி நேர டூட்டி நடக்கிறது என்றால், ஓவர்டைம் பணம் ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் கிடையாது. விலைப்புள்ளியைப் பார்க்கும் எந்த நிர்வாகியும் ஐந்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்காமல் இருப்பது வசதி.

சூப்பர்வைசர் நிலை இன்னும் மோசம். காவலாளி பன்னிரண்டு மணி நேரம் என்றால் அவர் ஷிப்டுக்கு அரைமணி முன்பே வந்து, ஒப்படைப்பு முடிந்து அரைமணி கழித்துத்தான் போக முடியும். ஷார்ட்டேஜ் நாட்களில் வீட்டுக்கு வந்த பிறகும் போன் அடிக்கும்.

## சூப்பர்வைசர் 'தொழிலாளி'யா?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் 'தொழிலாளி' அல்ல என்றிருந்தது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அவர் போக முடியாமல் இருந்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 18,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. "ஆபீசர் கேட்டகிரி" என்ற பேச்சுக்கு மூலம் இதுதான்.

ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் மறைக்கப்படுகின்றன.

முதலாவது, பதவியின் பெயர் எதையும் தீர்மானிக்காது. ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலை எது என்பதே அளவுகோல் என்று சிபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. லீவு கொடுக்க முடியாது, யாரையும் எடுக்கவோ நீக்கவோ முடியாது, தினமும் பாதி நேரம் தானே கேட்டில் நிற்கிறார் என்றால், தோளில் எத்தனை பட்டை இருந்தாலும் அவர் சட்டத்தின் பார்வையில் மேற்பார்வையாளர் அல்ல என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது.

இரண்டாவதுதான் ஓவர்டைம் கேள்விக்கான விடை. கூடுதல் நேரச் சம்பளத்தைப் பற்றிப் பேசும் ஊதியச் சட்டத் தொகுப்பு 'தொழிலாளி' என்ற சொல்லோடு நிற்கவில்லை. 'ஊழியர்' என்று சொல்லி, அதற்குள் மேற்பார்வைப் பணியையும் நிர்வாகப் பணியையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டினாலும், குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட வேலையில் சாதாரண நேரத்துக்கு மேல் உழைத்தால் இரட்டிப்பு விகிதம் அவருக்கும் உண்டு. வேலைநீக்க வழக்குக்கான வரம்பைக் காட்டி ஓவர்டைமை மறுப்பது, ஒரு சட்டத்தின் விலக்கை இன்னொரு சட்டத்தில் ஒட்டவைக்கும் வேலை.

## சம்பளத்தில் கை வைப்பது

திருட்டு நடந்தால், கண்ணாடி உடைந்தால், காவலாளி தூங்கியது தெரிந்தால், சூப்பர்வைசர் சம்பளத்தில் ஒரு தொகை காணாமல் போவது இந்தத் தொழிலின் பழைய நோய். சட்டம் இதற்கு வேலி போட்டிருக்கிறது.

அபராதம் என்றால் அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விளக்கம் கேட்ட பிறகே விதிக்கலாம். பொருள் இழப்புக்குப் பிடிக்க வேண்டுமானால், அந்தப் பொருள் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், இழப்பு நேரடியாக அவர் அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் பிடித்தங்களின் பட்டியலில் சீருடை என்று ஒரு தலைப்பே இல்லை.

வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துப் பணம் தர வேண்டும். ஏஜென்சி கைவிரித்தால், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் இடங்களில் கிளையண்ட்டே அந்தச் சம்பளத்தைத் தர வேண்டும்; 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது.

## கையில் இருக்க வேண்டியவை

ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையிடம் வைக்கலாம். பணம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. ஆனால் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதற்குச் சூப்பர்வைசரிடம் ஏதாவது இருந்தால்தான் பேச்சு நகரும். ஏஜென்சி மாறும்போது பழைய பதிவேடுகள் ஒரே இரவில் மறைந்துவிடும் என்பதால், இவற்றை வேலையில் இருக்கும்போதே சேர்த்துக்கொள்வது நல்லது:

1. நியமன உத்தரவு. புதிய சட்டப்படி இது கட்டாயம். பதவி, சம்பளம், எந்த ஏஜென்சியின் பெயரில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

2. மாதாந்திர டூட்டி சார்ட்டின் போட்டோ. ஷார்ட்டேஜ் நாட்களில் யார் சொல்லி நின்றார் என்ற வாட்ஸ்அப் செய்தியை அழிக்கக் கூடாது.

3. பி.எஃப். பாஸ்புக். மாதாமாதம் பணம் ஏறுகிறதா, எந்தச் சம்பளத்துக்கு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்பது புதிய வரையறை. அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாகக் காட்டும் பழைய தந்திரம் இனி செல்லாது.

4. விதி சொல்லும் அந்தக் குறிப்பேடு. வந்த நேரம், போன நேரம், எந்தச் சைட், எத்தனை பேர் கீழே, எந்தப் பாயிண்ட் காலி என்று அன்றன்றைக்கு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது. மாதம் ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைத்தால், புத்தகத்தை ஏஜென்சி திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாலும் கணக்கு கையில் இருக்கும்.